பாட்டிலிருந்து நீங்கிய பெயர்: உருதுக் கவிஞர் சாஹிர் லூதியான்வி

திரைப்பாட்டு ஒன்று காதில் விழுந்தால், பாடியவர் யார் என்று கேட்பது வழக்கம். அடுத்து, எந்தப் படம் என்பார்கள். சற்று இசைப் பழக்கம் உடையவராயின் இசையமைத்தவர் யார் என்றும் கேட்பார். எழுதியவர் யார் என்னும் கேள்வி எழுவது மிக அருமை. மலாயாத் தோட்டங்களில் திடலிலே வெண்திரை கட்டிப் படம் காட்டிய காலத்தை அறிந்த பெரியவர்கள் இன்றும் பலர் உளர். கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சுங்கை புரோங் வட்டாரத்தில் அவர்களிடம் கேட்டுப் பார்த்தால் இது விளங்கும். இரவு கேட்ட பாட்டு மறுநாள் பால்மரக் காட்டிலும் தென்னந்தோப்பிலும் வாயில் தானாக வரும். அதை எழுதியவர் பெயர் வராது. தமிழ்ப் பாட்டுக்கே இந்த நிலை என்றால், மொழி புரியாமலே மெட்டுக்காக முணுமுணுக்கப்பட்ட இந்திப் பாட்டின் ஆசிரியரை யார் கேட்கப் போகிறார்கள்?

வடநாட்டிலும் நிலைமை இதுவேதான். இதை இயல்பென்று ஏற்றுக்கொள்ள மறுத்தவர் ஒருவர் இருந்தார். அவர் உருது மொழியின் கவிஞர். திரைத்துறைக்கு வருமுன்பே நூல் வெளியிட்டுப் புகழ் பெற்றவர். சாஹிர் லூதியான்வி என்பது அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். அவர் பாட்டின் சிறப்பை அறிவதற்கு முன், ஒரு கவிஞர் தம் பெயருக்காக இவ்வளவு போராடியது ஏன் என்பதை அறிதல் வேண்டும். அதற்கு உருதுக் கவிதையின் அமைப்பை ஓரளவேனும் தெரிந்துகொள்வது நலம்.

கஸலும் கடைக்காப்பும்

உருதுக் கவிதை வடிவங்களுள் மக்கள் நாவில் மிகுதியும் வழங்குவது கஸல். இரண்டிரண்டு அடிகளாலான கண்ணிகள் பல சேர்ந்து ஒரு கஸல் ஆகும். கண்ணிக்கு ‘ஷேர்’ என்று பெயர். ஒவ்வொரு கண்ணியும் குறள் வெண்பாவைப் போலத் தன்னளவில் பொருள் முற்றி நிற்கும். முதற்கண்ணி காதலைப் பேச, அடுத்த கண்ணி நிலையாமையைப் பேசலாம். மூன்றாவது ஆட்சியாளரை இடித்துரைக்கலாம். அது குற்றமாகாது. இவற்றை ஒரு மாலையாகக் கட்டும் நார் ஓசையே.

கண்ணியின் ஈற்றில் ஒரே சொல்லோ சொற்றொடரோ மாறாமல் திரும்பத் திரும்ப வரும். இதை ‘ரதீஃப்’ என்பர். அதற்கு முன் நிற்கும் சொல் கண்ணிதோறும் மாறும். ஆனால் ஓசை ஒத்திருக்கும். இது ‘காஃபியா’. முதற்கண்ணியில் இரண்டு அடியும் இவ்வாறு முடியும். பின்வருவனவற்றில் இரண்டாம் அடி மட்டும் முடியும். இயைபுத் தொடையை அறிந்தவருக்கு ரதீஃப் எளிதில் விளங்கும். காஃபியாவை எதுகைக்கு ஒப்பிடலாம். ஆனால் எதுகை அடியின் தலையில் நிற்பது, காஃபியா அடியின் கடையில் நிற்பது. தமிழ்ச் செவி அடி தொடங்கும்போதே ஒலியொப்புமையைக் கேட்டு மகிழும். உருதுச் செவி அடி முடியும்வரை காத்திருந்து மகிழும். ‘முஷாயிரா’ எனப்படும் கவியரங்கில் கவிஞர் முதலடியை இருமுறை மும்முறை சொல்லி அவையைக் காக்க வைப்பார். இரண்டாம் அடி காஃபியாவை நெருங்கும்போது அவையினரே அச்சொல்லை ஊகித்து, அவரோடு சேர்ந்து சொல்லி ஆரவாரிப்பதும் உண்டு.

இனி, கஸலின் கடைசிக் கண்ணிக்கு ‘மக்தா’ என்று பெயர். அதில் கவிஞர் தம் புனைபெயரை வைத்துப் பாடுவது மரபு. புனைபெயரை ‘தகல்லுஸ்’ என்பர். இது நமக்குப் புதிதன்று. திருஞானசம்பந்தர் பதிகத்தின் இறுதியில் வரும் திருக்கடைக்காப்பில் தம் பெயரைப் பதித்தார். நம்மாழ்வாரின் பதிக ஈறுகளில் குருகூர்ச் சடகோபன் என்று ஊரும் பேரும் சேர்ந்தே வரும். கீர்த்தனைகளில் வரும் முத்திரையும் இவ்வகையினதே. அச்சு இல்லாத காலம். பாட்டு வாய்வழியே ஊர் ஊராகப் போகும். பாட்டு போகும் இடமெல்லாம் ஆக்கியவன் பெயரும் உடன் போக வேண்டுமானால், பெயரைப் பாட்டின் உள்ளேயே வைத்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. காணிக்குப் பட்டா போல, பாட்டுக்கு அந்தப் பெயர்.

திரைப்படத்தில் இந்தப் பட்டா செல்லாது. படத்தில் பாடுபவன் கதாநாயகன். அவன் பாட்டின் முடிவில் யாரோ ஒரு கவிஞரின் பெயர் வந்தால் கதை கெட்டுவிடும். ஆகவே உருதுக் கவிஞர்கள் பம்பாய்ப் படங்களுக்கு எழுதத் தொடங்கியபோது, நூற்றாண்டுகளாகப் பாட்டின் உள்ளே இருந்த பெயர் வெளியே எடுக்கப்பட்டது. வெளியே எடுத்த பெயரை வேறு எங்கே வைத்தார்கள்? படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ஒரு நொடி. வானொலியில் அதுவும் இல்லை.

பெயர் பெற்ற கதை

சாஹிர் 1921ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பஞ்சாபிலுள்ள லூதியானாவில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அப்துல் ஹயீ. தந்தை நிலவுடைமையாளர். தாயார் சர்தார் பேகம் கணவரின் கொடுமை பொறாது, செல்வத்தையும் வாழ்வுதவியையும் விட்டுவிட்டு மகனோடு பிரிந்து வந்தார். 1934இல் தந்தை மறுமணம் செய்துகொண்டு, மகனைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டுமென்று வழக்குத் தொடுத்தார். வழக்கில் அவர் வெல்லவில்லை. ஆயினும் மகனுக்குத் தீங்கு நேருமோ என்று தாய் பல நாள் அஞ்சிக் காவல் வைத்து வளர்க்க வேண்டியதாயிற்று. செல்வத்தின் நிழலில் பிறந்து வறுமையில் வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு, சொத்துள்ளவர்மேல் இருந்த சினம் வாழ்நாள் முழுதும் ஆறவில்லை. தாய்மேல் இருந்த பற்றும் அப்படியே. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1976இல் தாய் மறையும்வரை அவரோடுதான் வாழ்ந்தார். பஞ்சாபி எழுத்தாளர் அம்ரிதா பிரீதம் அவர்மேல் கொண்ட அன்பைப் பற்றி எத்தனையோ எழுதப்பட்டிருக்கிறது. பாட்டை விட்டுவிட்டு அதை மட்டும் பேசுவோரே மிகுதி.

பள்ளிப் பருவத்திலேயே கவிதை வந்துவிட்டது; புனைபெயர் வேண்டியிருந்தது. டாக் என்னும் பழம்பெரும் உருதுக் கவிஞர் மறைந்தபோது இக்பால் ஓர் இரங்கற்பா பாடினார். அதில் வந்த ‘சாஹிர்’ என்ற சொல் இளைஞரின் மனத்தைப் பற்றியது. மந்திரக்காரன் என்பது அதன் பொருள். ஊர்ப் பெயரைப் பின்னே சேர்த்து லூதியான்வி, அதாவது லூதியானாக்காரர், என்று வைத்துக்கொண்டார். இதுவும் உருது மரபே. பதாயூன் ஊரினர் ஷகீல் பதாயூனி. சுல்தான்பூர்க்காரர் மஜ்ரூஹ் சுல்தான்பூரி. தமிழில் ஊர்ப் பெயர் முன்னே நிற்கும்: பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், உடுமலை நாராயணகவி, தஞ்சை இராமையாதாஸ். தந்தை இட்ட பெயரைச் சாஹிர் அதன்பின் கவிதையில் வழங்கவே இல்லை. அவருக்குப் பெயர் என்பது தாமே தேடிக்கொண்ட சொத்து.

லூதியானா அரசினர் கல்லூரியில் சேர்ந்தார், மாணவர் அரசியலும் கவிதையுமாகக் காலம் போயிற்று, படிப்பு முடியவில்லை. பின்னாளில் அதே கல்லூரி தன் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1943இல் லாகூருக்குச் சென்றார். ஓரிரு ஆண்டுகளில் அவருடைய முதல் தொகுதி ‘தல்கியான்’ வெளிவந்தது. கசப்புகள் என்பது அதன் பொருள். இருபது வயதைச் சற்றே கடந்த ஓர் இளைஞர், தம் முதல் நூலுக்கு இட்ட பெயர் இது.

அத்தொகுதியில் தாஜ்மகாலைப் பற்றிய கவிதை ஒன்று உண்டு. காதலின் சின்னம் என்று உலகம் போற்றும் அந்தப் பளிங்கு மாளிகையில் தன்னைச் சந்திக்க வேண்டாமென்று காதலன் காதலிக்குச் சொல்லும் கவிதை அது. காரணம், பேரரசன் ஒருவன் தன் செல்வத்தைக் காட்டி ஏழைகளின் காதலை எள்ளி நகைத்த இடம் அது என்பது அவன் கருத்து. கல் சுமந்தவருக்கும் செதுக்கியவருக்கும் மனைவியர் இல்லையா? அவர்களின் கல்லறை எங்கே? விளக்கு ஏற்றுவார்தாம் உண்டா? இந்தக் கேள்விகள் உருது உலகை உலுக்கின. நூற்றாண்டுக் காலக் காதற் கவிதையை வைத்துக்கொண்டே அதன் அடித்தளத்தைக் கேள்வி கேட்ட துணிவு அது. ஆக்கியவர் பெயர் அழிந்துபோவது பற்றிய கவலை அப்போதே அவரிடம் இருந்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

லாகூரில் அவர் ‘அதபே லதீப்’, ‘சவேரா’ முதலிய இதழ்களில் ஆசிரியப் பொறுப்பு வகித்தார். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் இருந்தார். நாடு பிரிந்தபின், சவேராவில் எழுதியதற்காகப் பாகிஸ்தான் அரசின் கைது ஆணை பிறக்கவே, 1949இல் லாகூரை விட்டு டில்லிக்கு வந்தார். அங்கிருந்து பம்பாய் சேர்ந்தார்.

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா?

அவர் பாட்டெழுதிய முதற்படம் 1949இல் வந்தது, எவரும் கவனிக்கவில்லை. 1951இல் ‘நவ்ஜவான்’, ‘பாஜி’ என்ற இரு படங்கள் வந்தன. இரண்டுக்கும் இசை எஸ். டி. பர்மன். பாஜி, குருதத் இயக்கிய முதற்படம். அதற்குச் சாஹிர் கஸல் அமைப்பில் ஒரு பாட்டு எழுதித் தந்தார். பர்மன் அதைச் சூதாட்ட விடுதியில் பாடும் மேனாட்டுத் தாளத்துக்கு மாற்றிவிட்டார். பழைய புலவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். நாடு முழுதும் பாடியது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இந்த இருவரும் சேர்ந்து செய்த பாட்டுகள் இந்தித் திரையிசையின் உச்சங்களுள் அடங்கும்.

அந்தக் கூட்டின் முடிமணி 1957இல் வெளிவந்த ‘பியாசா’. கதையே ஒரு கவிஞனைப் பற்றியது. அவன் எழுத்துப் பிரதிகளை அண்ணன்மார் பழைய காகிதமாக விற்றுவிடுகிறார்கள். பரத்தை ஒருத்தி அவற்றை வாங்கிப் பாடுகிறாள். அவன் இறந்துவிட்டான் என்று தவறாக நம்பப்பட்டபின், நூல் வெளிவந்து புகழ் பெருகுகிறது. வெளியீட்டாளர் பணம் குவிக்கிறார். திரும்பி வந்த கவிஞனை யாரும் ஏற்பதில்லை. ஏற்க முன்வரும்போது அவனே அந்தப் பெயரை வேண்டாமென்று உதறிவிட்டுப் போகிறான். கவிஞனின் பெயரும் பிறர் பையில் சேரும் அவன் உழைப்பும் என்பதே படத்தின் கரு.

இப்படத்துக்காகச் சாஹிர் தல்கியானிலிருந்து ஒரு கவிதையை எடுத்துத் திருத்தித் தந்தார். விலைமகளிர் வாழும் தெருவைப் பற்றியது அது. இங்கே ஆசிரியர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மூலக் கவிதையில், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் திரும்பி வரும் கேள்வி பாரசீகக் கூட்டுச் சொற்களால் ஆனது. கீழ்த்திசையின் புனிதத்தைப் புகழ்ந்து பாடும் அறிஞர்களை நோக்கி அது எழுப்பப்பட்டது. கற்றவருக்கே அது விளங்கும். படத்தில் அந்தக் கடுஞ்சொல்லை நீக்கிவிட்டு, நாட்டைப் பற்றிப் பெருமை பேசும் எல்லாரையும் நோக்கி, தெருவில் போகிறவனுக்கும் புரியும் எளிய சொற்களில் கேள்வியை மாற்றினார். ஓசை குலையவில்லை, கேள்வியின் கூர் குறையவில்லை. கேட்கப்படுபவர்தாம் பெருகினர். விடுதலை பெற்றுப் பத்தாண்டு நிறைந்த நாட்டில் அந்தக் கேள்வி எல்லார் நெஞ்சிலும் தைத்தது.

எளிமையாக்குவது என்றால் தரத்தைத் தாழ்த்துவது என்று எண்ணுவோர் நம்மிடையேயும் உண்டு. செய்யுள் நடையையும் பேச்சு நடையையும் இரண்டு சாதியாகப் பிரித்து வைத்துப் பழகியதால் வந்த எண்ணம் அது. சாஹிர் இரண்டிலும் வல்லவர். 1964இல் வந்த ‘சித்ரலேகா’ பழங்காலக் கதை. அதற்கு உருதுச் சொல்லைத் தள்ளிவிட்டு வடசொல் மிகுந்த இந்தியில் பாடினார். ‘ஹம் தோனோ’ படத்துக்கு (1961), கடவுள் நம்பிக்கையற்ற அவர், எல்லாச் சமயத்தாரும் இன்றும் வழிபாட்டில் பாடும் ஒரு வேண்டுதற் பாட்டை எழுதினார். பாடுபவர் யார், கேட்பவர் யார் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பதே பொருத்தம்.

நிற்க. பியாசா வந்தபின் சாஹிரும் பர்மனும் பிரிந்தார்கள், மீண்டும் சேரவில்லை. படத்தின் வெற்றி சொல்லினாலா இசையினாலா என்பதில் எழுந்த மனத்தாங்கலே காரணம் என்பர். பர்மன் பெரும்பாலும் மெட்டை முதலில் போடுபவர். சாஹிரோ, எழுதிய பாட்டுக்கு மெட்டமைக்க வேண்டும் என்னும் கட்சி. இந்த வழக்கு நம்மவர் அறியாதது அன்று. மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று சென்னையிலும் எத்தனையோ முறை பேசப்பட்டதுதான். சாஹிரின் பக்கம் நியாயம் உண்டு. ஆயினும் முழு நியாயம் என்று சொல்வதற்கில்லை. பாஜியின் கஸலைத் தெருவெங்கும் கொண்டுபோனது பர்மனின் தாளமே. அந்தப் பிரிவால் சாஹிரின் பாட்டுக்குப் பிற்காலத்தில் அதே அளவு துணிவான இசை எப்போதும் வாய்த்தது என்று கூறமுடியாது. அவர் மானமுள்ளவர், அதில் தற்பெருமையும் கலந்திருந்தது.

வானொலியில் ஒரு வரி

அந்த மானம்தான் பிறருக்கும் பயன்பட்டது. அந்நாளில் அகில இந்திய வானொலியில் பாட்டு ஒலிக்குமுன் பாடியவர் பெயரும் படத்தின் பெயரும் சொல்லப்படும். எழுதியவர் பெயர் சொல்லப்படுவதில்லை. 1952இல் வானொலிக்குப் பொறுப்பேற்ற அமைச்சர் கேஸ்கர் திரைப்பாட்டையே மட்டமானது என்று கருதி ஒதுக்கினார். மக்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். அங்கே வாரந்தோறும் தரவரிசைப்படி இந்திப் பாட்டுகளை ஒலிபரப்பிய நிகழ்ச்சி இந்தியா முழுதையும் கட்டிப்போட்டது. நேயர்களை மீட்க 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டது. பாடகர், இசையமைப்பாளர் பெயர்களோடு பாடலாசிரியர் பெயரையும் அறிவிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் முன்னின்றவர் சாஹிர். அது பின்னர் நடைமுறையாயிற்று. வானொலி அறிவிப்பில் கூடுதலாக ஒரு சிறு வரி. சொல்ல இரண்டு நொடி ஆகாது. மக்தாவில் இழந்த பெயர் அந்த வரியில் திரும்பக் கிடைத்தது.

ஊதியத்திலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. புகழின் உச்சியில் இருந்த பாடகி லதா மங்கேஷ்கர் பெறுவதைக் காட்டிலும் ஒரு ரூபாய் கூடுதலாகத் தமக்குத் தரவேண்டும் என்று அவர் கேட்டதாகத் திரையுலகில் சொல்வதுண்டு. அந்த ஒரு ரூபாயால் வாழ்வு உயர்ந்துவிடாது. சொல்லின் பின்தான் குரல் என்பதற்கு அது அடையாள விலை.

உழைப்பவர் பாட்டு

பியாசா வந்த அதே 1957இல் பி. ஆர். சோப்ராவின் ‘நயா தௌர்’ வந்தது. ஊரில் பேருந்து வந்தால் குதிரை வண்டிக்காரர் பிழைப்பு என்ன ஆகும் என்பது கதை. அதில் ஊரார் ஒன்றுகூடிச் சாலை போடும் காட்சிக்குச் சாஹிர் எழுதிய பாட்டு, ஒருவர் தளர்ந்தால் பலர் கைகொடுக்கலாம் என்னும் கருத்தை வேலைத் தாளத்தோடு சொல்வது. நடவுப் பாட்டும் ஏற்றப்பாட்டும் கேட்டுப் பழகிய தமிழனுக்கு இது அயல் பாட்டாகத் தோன்றாது. அப்படம் ‘பாட்டாளியின் சபதம்’ என்ற பெயரில் தமிழாக்கப்பட்டு 1958இல் வெளிவந்தது.

இவ்வாறு வடநாட்டுப் படங்களைத் தமிழாக்கும்போது பாட்டெழுதுவோர் படும் பாடு தனி. மெட்டு மாறாது; நடிகர் வாயசைவும் மாறாது; அதற்குள் தமிழ்ச்சொல் அடங்க வேண்டும். ஷகீல் பதாயூனி உருதுவில் எழுதிய ‘ஆன்’ படப் பாட்டுகளுக்கு அவ்வாறு தமிழ் வடிவம் தந்தவர் கவிஞர் கம்பதாசன். பின்னர் ‘முகலே ஆஸம்’ ‘அக்பர்’ எனத் தமிழில் வந்தபோதும் அவரே எழுதினார். மொழிபெயர்ப்புப் படத்தின் பாட்டில் இரண்டு கவிஞரின் உழைப்பு இருக்கிறது. கேட்பவருக்கு இரண்டு பெயரும் தெரிவதில்லை.

சாஹிர் நயா தௌருக்கு எழுதிய அதே ஆண்டுகளில்தான் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சென்னையில் புகழ் பெற்றுக்கொண்டிருந்தார். 1930இல் பிறந்து 1959இல் மறைந்த அவரும் பொதுவுடைமைக் கொள்கையர். உழைப்பவன் வாழ்வைத் திரையில் பாடியவர். இருவரும் ஒருவரையொருவர் படித்ததாகச் சான்று இல்லை. படித்திருக்கத் தேவையும் இல்லை. ஆனால் வேறுபாடு ஒன்றைக் கவனிக்கலாம். பட்டுக்கோட்டையார் வயலிலிருந்தும் மேடையிலிருந்தும் வந்தவர். நாட்டுப்பாடல் நடை அவருக்குப் பிறப்போடு வந்தது. சாஹிர் அரண்மனையிலும் கவியரங்கிலும் வளர்ந்த மொழியில் பயின்று, அதைத் தெருவுக்கு இறக்கிக்கொண்டு வந்தவர். அதனால் சாஹிரின் பாட்டில் எளிய சொல்லுக்குக் கீழே பழைய இலக்கியத்தின் எதிரொலி கேட்கும்.

இதற்கு 1958இல் வந்த ‘ஃபிர் சுபஹ் ஹோகி’ தக்க சான்று. ருஷ்ய நாவலாசிரியர் தாஸ்தோவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ தழுவிய படம். அந்த நாவலைப் படித்த ஒருவர்தாம் இசையமைக்க வேண்டும் என்று சாஹிர் சொன்னதாகவும், படித்திருந்த கய்யாமுக்கு அந்த வாய்ப்பு வந்ததாகவும் கூறுவர். உலகமே நம் இல்லம் என்று பெருமிதத்தோடு இக்பால் பாடிய புகழ்பெற்ற பாட்டு ஒன்று உண்டு. சாஹிர் அதன் சந்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, இரவில் படுக்க இடமின்றிப் பம்பாய் நடைபாதையில் அலைபவன் வாயில் வைத்தார். பழைய பாட்டை அறிந்தவர் சிரிப்பார். அறியாதவரும் துயரை உணர்வார். புனைபெயரையே இக்பாலிடமிருந்து பெற்றவர் இக்பாலை இப்படிக் கையாண்டது மரியாதைக் குறைவு என்று சிலர் கருதினர். முன்னோர் வாக்கை எடுத்துத் தம் காலத்துக்கேற்பத் திருப்புவது எல்லா மொழியிலும் உள்ள வழக்கந்தான். தோட்டத்து லயத்து வீடு வேலையோடு வந்து வேலையோடு போய்விடும் என்பதைப் பட்டறிந்தவர்களுக்கு, உலகெல்லாம் நமதாயினும் தலைசாய்க்க இடமில்லை என்னும் அந்த நகைப்பின் கசப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிற்காலம்

1960க்குப்பின் ரோஷன், ரவி, ஜெய்தேவ், கய்யாம் முதலியோர் இசையில் சாஹிர் தொடர்ந்து எழுதினார். 1963இல் வந்த ‘தாஜ்மகால்’ படத்தின் பாட்டுக்கு பிலிம்பேர் பரிசு கிடைத்தது. தாஜ்மகாலைச் சாடிக் கவிதை பாடிப் புகழ் பெற்றவர், தாஜ்மகால் படத்துக்குக் காதற்பாட்டு எழுதிப் பரிசு பெற்றார்! திரைத்தொழிலில் இத்தகைய முரண்கள் நேர்வதுண்டு; அதற்காக அவரைக் குறை கூறுவது எளிது. குறை கூறுவோர், அதே ஆண்டுகளில் அவர் எழுதிய போர் எதிர்ப்புப் பாட்டுகளையும் பெண்ணின் துயர்ப் பாட்டுகளையும் மறந்துவிடக் கூடாது. ‘பர்ச்சாயியான்’ என்னும் நெடுங்கவிதை போரின் அழிவைப் பாடுவது. நிழல்கள் என்பது பொருள். பின்னாளில் பம்பாயில் தாம் கட்டிய வீட்டுக்கும் அப்பெயரையே வைத்தார். 1971இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. திரைப்பாட்டுகளைத் தனி நூலாகவும் வெளியிட்டார். அவை படிக்கத்தக்க கவிதைகளே என்பது அவர் துணிபு. எல்லாம் அவ்வாறு நிற்கும் என்று சொல்ல முடியாது. இசையை நீக்கிவிட்டால் வெளிறிப்போகும் பாட்டுகளும் அவற்றுள் உண்டு.

1976இல் யஷ் சோப்ராவின் ‘கபீ கபீ’ வந்தது. அதன் தலைப்புப் பாட்டும் தல்கியானில் இருந்த பழைய கவிதையே. மூலத்தில் அது தோற்றுப்போன இளைஞன் ஒருவனின் கசந்த நினைவு. படத்தில் இனிய காதற்பாட்டாக மாறியது. பியாசாவில் சொல்லை எளிதாக்கியபோது கேள்வி கூர்மையாயிற்று. இங்கே சொல் எளிதானபோது கசப்பே கரைந்துவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எளிமை என்பது எங்கே ஆற்றலாகும், எங்கே இழப்பாகும் என்பதை உயர்வகுப்பு மாணவர்க்கும் காட்டலாம். இந்தப் பாட்டுக்கும் பரிசு கிடைத்தது. மக்கள் விரும்பியதும் இனிப்பைத்தான்.

1980 அக்டோபர் 25ஆம் நாள், தம் 59ஆம் வயதில், மாரடைப்பால் சாஹிர் பம்பாயில் காலமானார். ஜூஹு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். புதிய அடக்கங்களுக்கு இடம் வேண்டி, 2010இல் அவருடைய கல்லறை இடிக்கப்பட்டது. அவ்விடுகாட்டில் வேறு கலைஞர்களின் கல்லறைகளும் அவ்வாறே அகற்றப்பட்டன. தாஜ்மகாலைச் செதுக்கியவர்களின் கல்லறை எங்கே என்று இளமையில் கேட்டவருக்கு இந்நிலை.

பெயரைப் பற்றிய வழக்கு அவரோடு முடியவில்லை. அவர் உயிரோடிருந்தபோதே, 1977இல், இந்திய உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. படத்துக்காகக் கூலி பெற்று எழுதிய பாட்டின் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரையே சாரும் என்பது அதன் சாரம். பாட்டு நூறு முறை ஒலித்தாலும் எழுதியவருக்கு முதல்நாள் பெற்ற கூலியே மிச்சம். பல ஆண்டுகளுக்குப்பின் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து வாதாட, 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும் போதெல்லாம் வரும் வருவாயில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு; அந்தப் பங்கை அவர்கள் எழுதிக் கொடுத்து இழக்கவும் முடியாது என்று சட்டம் இப்போது கூறுகிறது. 2013 மார்ச் 8ஆம் நாள், சாஹிரின் உருவம் தாங்கிய அஞ்சல்தலையை இந்திய அஞ்சல்துறை வெளியிட்டது.

ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கும் என்பது இந்தியச் சட்டம். அக்கணக்கின்படி சாஹிரின் கவிதைகள் 2040ஆம் ஆண்டின் இறுதிவரை அவருடைய பெயரில் நிற்கும்.